உப்புத்தண்ணி ஊருக்குப் பெண் கொடுப்பதில்லை

இந்த ஊரில் பாத்திரம் கழுவும் மெஷினுக்கு உப்பு போட வேண்டும். சமையலுக்கு அல்ல, மெஷினுக்கு. சூப்பர் மார்க்கெட்டில் அதற்கென்றே கல் உப்பு பாக்கெட் தனியாக விற்கிறது. குழாய்த் தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்பு. அதைப் பிரித்தெடுக்க மெஷினுக்கு உப்பு தேவைப்படுகிறதாம். தெற்கு ஜெர்மனியின் இந்தச் சின்ன நகரத்துக் கடையில், முதல் தடவை அந்தப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டார். எங்கள் பக்கம் தண்ணீரில் உப்பு இருந்தால் கல்யாணமே நின்றுபோகும் என்று விளக்கியிருந்தால் இன்னும் தள்ளிப் போயிருப்பார்.

எங்களுக்கு ஊர் மன்னார்குடி. அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கள் தெருக் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர் என்பதில் அவருக்கு இருந்த பெருமையைப் பார்த்தால், அந்த ஆற்றை அவரே வெட்டிக் கொண்டுவந்தார் என்று நினைக்கத் தோன்றும். சம்பந்தம் பேச யார் வந்தாலும் ஜாதகம், சம்பளம், நிலம் எல்லாவற்றுக்கும் முன்னால் "உங்க ஊர்ல தண்ணி எப்படிங்க?" என்பார். கிழக்கே கடல் பக்கம் போகப்போகத் தண்ணீர் கரிக்கும். அங்கே வாழ்க்கைப்பட்ட பெண்கள் குடத்தோடு அலைவதை அவர் பார்த்திருக்கிறார், அதனால் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால் உட்கார்ந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்குவார். குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைக்கிற விதத்திலேயே கூடப் போன பெரியப்பாவுக்கு முடிவு தெரிந்துவிடும். கரித்தால், கை நனைக்காமல் எழுந்து வந்துவிடுவார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது மட்டும் தண்ணீரைப் பற்றி மூச்சு விடவில்லை. தொண்ணூறுகளின் கடைசி. தெருவுக்கு ஒரு பையன் கம்ப்யூட்டர் படித்துவிட்டு விமானம் ஏறிக்கொண்டிருந்தான். பஸ் ஸ்டாண்டில் தண்ணீரைப் பாக்கெட்டில் அடைத்து விற்க ஆரம்பித்திருந்தார்கள். கல்யாணத் தரகர்கள் மாப்பிள்ளைகளை நாட்டின் பெயரை ஒட்டி விற்க ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு வந்த வரன் மேல் ஜெர்மனி என்று ஒட்டியிருந்தது. "தண்ணி எப்படின்னு கேக்கலியா?" என்று அம்மா ஒரு தடவை கேட்டாள். "ஜெர்மனிக்காரன்கிட்ட போய்த் தண்ணியைப் பத்திக் கேட்டா சிரிக்க மாட்டானா?" என்று அப்பா அவள் வாயை அடைத்துவிட்டார்.

கல்யாணமாகி இங்கே வந்த முதல் வாரம் சாம்பார் வைத்தேன். குக்கர் விசில் மேல் விசில் அடித்தது. திறந்து பார்த்தால் பருப்பு தனித்தனியாக முழித்துக்கொண்டு கிடந்தது. டீயின் மேல் எண்ணெய் மிதப்பது போல ஒரு ஏடு. கெட்டிலின் உள்பக்கம் பொங்கலுக்கு வெள்ளையடித்தது போல இருந்தது. என் தலைமுடி தேங்காய் நாராகிக் கொட்ட ஆரம்பித்தது. "இங்க எல்லாருக்கும் அப்படித்தான்" என்று என் கணவர் ஆறுதல் சொன்னார். அவருக்குப் போக வேண்டிய முடியெல்லாம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டரிடம், அரைகுறை ஜெர்மனில், தண்ணீர் நன்றாக இல்லை என்று முறையிட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. யாருக்காவது வயிற்றுக்கு முடியவில்லையா என்று கேட்டார். இல்லை. நாற்றம் அடிக்கிறதா? இல்லை. பிறகு? "பருப்பு வேகவில்லை" என்றேன். அவர் நேரே உள்ளே வந்தார். பிறகு என் சமையலறைக் குழாயிலேயே ஒரு டம்ளர் பிடித்து, ஒரே மூச்சில் குடித்துக் காட்டி, "பார்த்தீர்களா, நான் சாகவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர்களுக்கு நல்ல தண்ணீர் என்றால் குடித்தவன் சாகக் கூடாது. எங்களுக்குப் பருப்பு வேக வேண்டும். இதற்குமேல் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை.

நான் இதையெல்லாம் ஊருக்குச் சொல்லவில்லை. ஐ.எஸ்.டி. கட்டணத்தில் பருப்பைப் பற்றியா பேசுவது? அந்தச் சமயத்தில்தான் என் தங்கை வசந்தி போனில் அழுதுகொண்டே பேசினாள். அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் சேகர் என்று ஒரு வாத்தியார். சொந்த ஊர் கிழக்கே கீழ்வேளூர்ப் பக்கம். இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. அவர்கள் வீட்டிலிருந்து முறைப்படி வந்து பெண் கேட்டார்கள். அப்பாவும் முறைப்படி அவர்கள் வீட்டுக்குப் போனார், சொம்பை வாங்கிக் குடித்தார், எழுந்து வந்துவிட்டார்.

"அக்கா, அங்க காபி கொஞ்சம் கரிக்கும், அவ்வளவுதான். அதுக்காக நான் வேற ஆளைக் கட்டிக்கணுமா? நீ சொன்னா அப்பா கேப்பாரு."

நான் சொன்னேன். அப்பா கேட்கவில்லை. "உனக்கென்னம்மா, நீ ஜெர்மனித் தண்ணி குடிக்கிறவ. அவ அங்க போயி உப்புத்தண்ணியில வேகணுமா?" என்றார்.

அடுத்த வருடம் என் பிரசவத்துக்கு அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். வந்த அன்றே அப்பா குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்துக் குடித்துவிட்டு, "பாத்தியா, காய்ச்ச வேணாம், வடிகட்ட வேணாம். நாடுன்னா இது!" என்றார். அதன்பிறகு அவருக்கு நேர்ந்த சோதனைகளைச் சொல்லி மாளாது. ஃபில்டர் காபி சரியாக வரவில்லை. பால் சரியில்லை என்றார். சோப்பு நுரைக்கவில்லை, வெள்ளைக்காரன் சோப்பே அப்படித்தான் என்றார். பருப்பு வேகவில்லை, கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்றார். மாடு, சோப்பு, கடைக்காரன் எல்லாரும் குற்றவாளிக் கூண்டில் ஏறி இறங்கினார்கள். தண்ணீர் மட்டும் ஜெர்மன் பிரஜை என்பதால் யாரும் அதன் மேல் கை வைக்கவில்லை.

குழந்தை பிறந்த பிறகு ஒரு காலை, குளியலறை பாய்லரில் வெந்நீர் வரவில்லை. ஹவுஸ்மைஸ்டர் வந்து அதைக் கழற்றினார். உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாகக் கட்டிகளைச் சுரண்டி எடுத்து வாளியில் போட்டார். வாளி நிறைந்துகொண்டே வந்தது. பக்கத்தில் நின்ற அப்பா, "என்னம்மா இது?" என்றார்.

"சுண்ணாம்புப்பா. தண்ணியில இருக்கறது."

"எந்தத் தண்ணியில?"

"நீங்க குடிக்கிற தண்ணியிலதான்."

என்ன கேட்கிறார் என்று ஹவுஸ்மைஸ்டர் விசாரித்தார். சொன்னேன். அவர் ஒரு கட்டியை அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, எங்கள் மலைக் கல், எலும்புக்கு ரொம்ப நல்லது என்றார். ஞாபகத்துக்கு ஊருக்கு எடுத்துப் போகச் சொல்வதாக நினைத்து அப்பா "தேங்க்யூ, தேங்க்யூ" என்று தலையாட்டினார். ஹவுஸ்மைஸ்டர் போனதும், "அப்ப சேகர் வீட்டுத் தண்ணி என்னப்பா தப்பு பண்ணுச்சு?" என்று கேட்டேன். அப்பா கணக்கு வாத்தியார் ஆயிற்றே, விடுவாரா? "அது உப்பு, இது சுண்ணாம்பு. ரெண்டும் எப்படிம்மா ஒண்ணாகும்?" என்றார்.

அம்மா குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே பேசினாள். "சின்னவளுக்கு அங்க தண்ணி கரிச்சா, நான் ஒரு குடத்தை எடுத்துக்கிட்டு பஸ் ஏறிடுவேன். இவளுக்கு இங்க ஒரு தலைவலின்னா எந்த பஸ்ல ஏறுறது? எல்லா வீட்லயும் தண்ணியைக் கேட்டீங்களே, இவளைக் குடுக்கறப்ப தூரத்தைக் கேட்டீங்களா?"

முடி கொட்டியபோதுகூட அழாதவள் நான். அன்றைக்குக் குழந்தைக்குப் பசி என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய் நன்றாக அழுதேன். மறுநாள் காலை அப்பா என் கணவரிடம், "மாப்பிள்ளை, இங்கேருந்து கீழ்வேளூருக்கு எப்படிப் பேசுறது?" என்று கேட்டார்.

வசந்தியின் கல்யாணத்துக்கு என்னால் போக முடியவில்லை. கைக்குழந்தை, விசா, லீவு என்று இந்த நாடு அதற்கும் ஏராளமான காரணங்கள் வைத்திருந்தது. சில வருடம் கழித்து ஒரு சித்திரை வெயிலில்தான் மன்னார்குடி போய்ச் சேர்ந்தேன். நான் வந்தது தெரிந்து வசந்தியும் கீழ்வேளூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றியவள் நேரே சமையலறைக்குப் போய், குடத்தில் டம்ளரை விட்டு மொண்டு, அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கும் நாக்கு வறண்டது. டம்ளரை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு நானும் குடத்துப் பக்கம் குனிந்தேன்.

அப்பா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அப்போதுதான் கடைக்குப் போய்விட்டு வந்திருந்தார்.

"அது வேணாம்மா, உனக்கு ஒத்துக்காது. பாட்டில் வாங்கிட்டு வந்திருக்கேன் பாரு."

கூடத்தில் எனக்காக நாற்காலியை ஃபேனுக்கு நேராக இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்து, பாட்டில் மூடியைத் திருகித் திறந்து, விருந்துக்கு வந்தவள் மாதிரி அளவாகக் குடித்தேன்.