கறுத்து வந்த துணி

வயலில் பன்றி விரட்ட என் பெயரில் அனுமதி எடுத்த துவக்கு அது. குழலுக்குள் கரி தங்கினால் கறள் பிடிக்கும், குறி பிசகும். அதனால் வெடி வைத்த பிறகெல்லாம், துணி வெள்ளையாகத் திரும்பி வரும்வரை எண்ணெய் தொட்டு இழுப்பேன். காவல் மாறும்போது அடுத்தவனின் கண்முன்னே ஒருமுறை இழுத்துக் காட்டுவது எங்கள் வயல் வட்டையின் வழக்கம்.

அன்று காலை, காவல் முடித்துத் துவக்கைக் கொண்டுவந்தவன் என் தங்கையின் புருஷன். நான் துணியை எடுத்ததும் அவன் முகம் சுருங்கியது.

“என்ன மச்சான், என்னிலயும் சந்தேகமா? ஒரு வெடியும் வைக்கல்ல. உங்கட வீட்ட அக்காட்ட கொஞ்சம் ஆட்டிறைச்சி குடுத்திருக்கன், சாப்பிடுங்க.”

வெட்கத்தோடு துணியை மடித்து வைத்தேன்.

மத்தியானம் இரண்டாம் தடவையும் கறி கேட்டபோது மனைவி சிரித்தாள். “இன்னும் தெரியல்லையா? இது ஆடில்ல, மான்.”

கையைக் கழுவிவிட்டு ஓடிப்போய்க் குழலுக்குள் துணியை இழுத்தேன். கன்னங்கரேல் என்று வந்தது.

துவக்கு என்னுடையது. அனுமதி என் பெயரில். இறைச்சி என் வயிற்றில். அவன் வெடியே வைக்கவில்லை என்று காலையில் ஒத்துக்கொண்டவனும் நான்தான்.