வரிசையில் பதினேழாவது ஜீப்

எங்கள் ஜீப் ஸ்டாண்டு சங்கத்தின் துணைவிதி ஒன்பது சொல்கிறது: உரிமமும் சொந்த வண்டியும் உள்ள எவரும் வரிசையில் இடம் கேட்டு மனுச் செய்யலாம்; முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். எனக்கு இது நன்றாகத் தெரியும். எழுதிக் கொடுத்தவளே நான்தான். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவளை ஊர் வேறு எதற்குப் பயன்படுத்தும்?

எதிர்வீட்டுப் பெண் தை மாதம் மனுக் கொடுத்தாள். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தவள். அப்பாவுக்குப் பார்வை மங்கியதும் அவர் ஜீப்பைத் தன் பெயருக்கு மாற்றி, உரிமம், பெர்மிட் எல்லாம் நேராக்கி வைத்திருந்தாள். ஆனால் வரிசையில் இடமில்லாமல் ஸ்டாண்டில் ஆள் ஏற்ற முடியாது. இடம் கிடைக்காவிட்டால் ஜீப்பை விற்றுவிட்டு மறுபடி காய் எடுக்கப் போக வேண்டியதுதான்.

செயலாளர் மனுவைக் கையால் தொடவில்லை. தொட்டால் முப்பது நாள் ஓடத் தொடங்கிவிடுமே.

“பொம்பளப் பிள்ள, மலப்பாதை மேடம். பிரேக்கு பிடிக்கலேன்னா யாரு பதில் சொல்றது?”

“ஆம்பள ஓட்டுறப்ப பிடிக்கலேன்னா யாரு சொல்றாக?”

“அது வேற மேடம்.”

பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று நாள் அவர் வீடு பூட்டியிருந்தது. நான்காம் நாள் தபால்காரப் பெண் அவரை டீக்கடையில் பிடித்து, டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கினாள். முப்பது நாளும் கழிந்தது, பதில் இல்லை. இரண்டு நினைவூட்டல்கள் போட்டேன். மூன்றாவதை ‘மேற்படி பொருள் தொடர்பாக’ என்று தொடங்கினேன். அதைவிடக் கடுமையாக எனக்குத் திட்டத் தெரியாது.

விடியற்காலையில் ஜீப் ஏறும் பெண்கள் தோட்டத்தில் இறங்கும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. வழியில் நிறுத்தச் சொல்லி ஆண் ஓட்டுநரிடம் கேட்க வாய் வராது. என் துணைவிதிகளிலும் இதற்கு ஒரு வரி கிடையாது.

வைகாசியில் ஒரு நாள் பால் வாங்கப் போனேன். ஸ்டாண்டில் முதல் ஜீப் தயாராக நின்றது. பன்னிரண்டு பெண்கள் தூக்குவாளியோடு அசையாமல் நின்றார்கள். (அனுமதிக்கப்பட்ட இருக்கை எத்தனை என்று என்னைக் கேட்காதீர்கள்.)

“ஏறுங்கத்தா, நேரமாச்சு,” என்றார் ஆள் கூட்டிப் போகும் கங்காணி.

“அந்தப் பிள்ள வண்டி வரட்டும்.”

“ஏன், இந்த வண்டிக்கு என்ன?”

“இதுல ஒண்ணுக்கு வந்தா நிறுத்துவீகளா?”

ஓட்டுநர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

“இம்புட்டு நாளா நீங்க சொல்லவே இல்லையே?” என்றார் கங்காணி.

“நீங்க கேட்டீகளா?”

தகவல் போய்ச் செயலாளர் ஓடி வந்தார். “சரி, இன்னைக்கு மட்டும் கடைசி வண்டியா நிக்கட்டும்.”

அந்த ‘இன்னைக்கு மட்டும்’ தினமும் நடந்தது. கடைசி வண்டி வரும்வரை அந்தப் பன்னிரண்டு பேரும் காத்திருந்தார்கள். மலைப்பாதையில் மறைவான ஓரிடத்தில் அவள் நிறுத்துவாள். சில வாரங்களில் மற்ற ஜீப்புகளும் அங்கே நிற்கத் தொடங்கின. ஓட்டுநர்கள் எதிர்ப்புறம் திரும்பிப் பள்ளத்தாக்கை ரசித்தார்கள்.

நான் நான்காவது கடிதம் எழுதினேன்.

“விடுங்கக்கா, அதான் ஓட்டுறேன்ல,” என்றாள்.

விடுவதா? நாளை வேறொரு செயலாளர் வந்தால் காகிதத்தில் இல்லாத இடம் இடமே இல்லை. தை மாத மனுவுக்கு, ‘வரிசையில் பதினேழாம் இடம் வழங்கப்படுகிறது’ என்ற பதில், சங்கத்தின் முத்திரையோடு, ஆடிப் பதினெட்டாம் நாள் வந்து சேர்ந்தது.