ஒரு குளவிக்கு இரண்டு பேர்

அருங்காட்சியகத்துப் பின்கட்டில் பூச்சிப் பெட்டிகளோடு பெட்டியாகக் குடியிருந்தவரைத் தெருவில் எல்லோரும் குளவிக்காரர் என்பார்கள். அவர் அப்பாவும் குளவிக்காரர்தான். இரண்டு பேரும் பார்த்ததெல்லாம் வெல்வெட் எறும்பு. பேருக்குத்தான் எறும்பு, ஆனால் அது குளவி. பெண்ணுக்கு இறக்கை கிடையாது. மேலெல்லாம் சிவப்பு முடி. கொட்டினால் கொட்டுப்பட்டவன் ஊரைக் கூட்டிவிடுவான். ஆணுக்கு இறக்கை உண்டு, நிறம் கறுப்பு, கொட்டத் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் இரண்டும் ஒரே வீடு என்று பெற்ற தாய்கூடச் சொல்லமாட்டாள்.

அப்பா ஒரு சிவப்புக் குளவியைப் புது இனம் என்று சொல்லி, தன் மனைவியின் பெயரை அதற்கு வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பின்னால் மகன் கையில் ஒரு கறுப்புக் குளவி அகப்பட்டது. ஒன்றே ஒன்றுதான். அவரும் தன் மனைவியின் பெயரை வைத்தார். யார் என்ன சொன்னாலும் சரி, நல்ல மனிதர். அது முதல் மாமியார் ஏதாவது குத்திக் காட்டினால், "எனக்கும் தனிக் குளவி இருக்கு அத்தை" என்பாள் மருமகள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அப்போதுதான் மரபணு பார்க்கும் பெண் ஒருத்தி அங்கே வேலைக்குச் சேர்ந்தாள்.

"சார், அந்தக் கறுப்புல ஒரு கால் குடுங்க."

"எதுக்கும்மா?"

"சிவப்போட மரபணுவோட ஒத்துப் பாக்கணும். ரெண்டும் புருஷன் பொண்டாட்டியா இருக்கும்னு தோணுது."

"ஒத்துப்போச்சுன்னா?"

"முதல்ல வெச்ச பேருதான் நிக்கும். விதி அப்படி சார்."

"நீ குளவி காலைக் கேக்கல. என் காலை வாரப் பாக்கற" என்றார் அவர். பெட்டிச் சாவி தொலைந்துவிட்டது என்றும் சொன்னார். சொல்லும்போதே சட்டைப்பையில் சாவி கிணுகிணுத்தது.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் மருமகள்தான் விடவில்லை.

"குடுங்க. என் குளவி தனின்னு அவளே சொல்லட்டும்."

இடுக்கியால் ஒரு காலை எடுத்துக் கொடுத்தார். முடிவு வந்த அன்று சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ரெண்டும் ஒரே இனம்தான். சிவப்பு பொண்ணு, கறுப்பு ஆணு. அம்மா பேருதான் நிக்கும்."

"இத்தனை வருஷமா என் பேர்ல இருந்தது ஆம்பளையா?"

"அது எனக்கு அப்பவே தெரியும்" என்றார் குளவிக்காரர்.

"தெரியுமா!"

"றெக்கை இருந்து என்ன பண்றது, கொட்டத் தெரியலையே" என்றார் மாமியார், மேலே எங்கோ பார்த்தபடி.

மருமகள் கணவர் பக்கம் திரும்பினாள். "என் பேரை அழிச்சுடுவாங்களா?"

"அழிக்க முடியாது. பூச்சிகளுக்குப் பேர் பட்டியல் போடறவங்க அம்மா பேரை எழுதி, அதுக்குக் கீழேயே உன் பேரையும் எழுதணும். அதுவும் விதிதான்."

"எத்தனை நாளைக்கு?"

"காலத்துக்கும்."

"என் பேருக்குக் கீழேயா? ஒட்டியா?" என்றார் மாமியார்.

"ஒட்டித்தாம்மா."

"அழியவே அழியாதா?"

"அழியாது."

மருமகள் எழுந்து எல்லோருக்கும் இன்னொரு கரண்டி பரிமாறினாள். மாமியாருக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.