குங்குமத் துளி

என் மனைவி ஐரோப்பாவில் ஒரு சந்துக்கடையில் வாங்கிய அச்சுப்படம் அது. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் நாலைந்து வீச்சு, சுற்றிலும் தெறிப்பு, அவ்வளவுதான். கீழ் ஓரத்தில் ஓவியரின் பென்சில் கையெழுத்து. கூடத்தில் மாட்டினால் வருகிறவர்கள் துடைக்கத் துணி கேட்பார்கள் என்றேன். நான் இப்படிச் சொல்லிச் சொல்லியே அது பல வருடம் அலமாரி மேல் குழாய்க்குள் கிடந்தது. போன மாதம் அவள் என்னைக் கேட்காமலேயே அதை எடுத்துக்கொண்டு படூரில் திருப்போரூர் பஸ் ஏறினாள். பின்னாலேயே நானும் ஏறினேன்.

வேலையில் இருந்தவரை நான் தர ஆய்வாளன். நான் பார்த்துச் சரி என்று சொல்லாமல் எந்த வேலையும் அடுத்த கட்டத்துக்குப் போகாது. ஓய்வுக்குப் பிறகு இந்த அதிகாரத்தை வீட்டில் யாரும் அங்கீகரிக்கவில்லை.

கோயில் தெருவில் முருகன் படங்களுக்கும் இறந்தவர்களின் போட்டோக்களுக்கும் ஃப்ரேம் போடுகிற கடை. கடைக்காரர் படத்தை விரித்துப் பார்த்தார்.

“இன்னா சார் இது, கரி பூசுனாப்ல கீது?”

“ஓவியம். வெளிநாட்டுக்காரர் போட்டது.”

“அங்கயும் இப்டித்தானா?” என்றபடி வெள்ளை ஓரத்தில் ஸ்கேலை வைத்து, கத்தியை எடுத்தார். மனைவியின் விரல்கள் என் முழங்கையை இறுக்கின.

“வெட்டக் கூடாது,” என்றேன்.

“வேஸ்ட்டுதான சார்?”

“அதுலதான் கையெழுத்து இருக்கு.”

கத்தியை வைத்துவிட்டு மைதாப் பசையை இழுத்தார். எந்தப் படத்தையும் அட்டையில் ஒட்டிவிடுவது அவர் வழக்கம்.

“ஒட்டவும் கூடாது.”

“இன்னாம்மா, சார் எல்லாத்துக்கும் பிரேக் போட்டுகினு கீறாரு?”

“வீட்டுல இதவிட அதிகம்,” என்றாள் அவள். பார்வை மட்டும் படத்தைவிட்டு நகரவில்லை.

ஒட்டாமல், மூலைகளில் காகித மடிப்புக்குள் செருக வைத்தேன். அடுத்தது கண்ணாடி. அதைத் துடைத்து ஒரு கையில் பிடித்துக்கொண்டார். குழைத்து வைத்திருந்த குங்குமத்தில் மறுகை விரலைத் தோய்த்தார். எந்தப் படத்தையும் பொட்டு வைக்காமல் அவர் வெளியே அனுப்புவதில்லை. சிவந்த விரல் படத்துக்கு மேலாக வந்தது. நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

“வுடு சார் கைய! பொட்டு கண்ணாடிக்குத்தான்!”

விரலிலிருந்து ஒரு துளி விழுந்துவிட்டது. வெள்ளை ஓரத்தில், கையெழுத்தை ஒட்டி.

கடைக்காரர் ஈரத்துணியை எடுத்தார். துடைத்தால் பரவும், முதலில் உலரவிட வேண்டும், பிறகு மெல்லிய தூரிகையால் தட்ட வேண்டும் என்று நான் ஆரம்பித்தேன்.

“நீங்க வெளியில போய் நில்லுங்க,” என்றாள்.

நின்றேன். அவள் குனிந்து அந்தத் துளியையே பார்த்துக்கொண்டிருப்பது வாசலிலிருந்து தெரிந்தது. கடைக்காரர் துணியைப் பிடித்தபடி காத்திருந்தார்.

“துடைக்க வேணாம்,” என்றாள் கடைசியில். “கண்ணாடியப் போடுங்க.”

“கற இருக்குமேம்மா?”

“இருக்கட்டும். இதுக்கு மேல இவர் கை படாம இருந்தாப் போதும்.”

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். படத்தைத் தூக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, படூர் வரை நின்றபடியே வந்தாள்.