நின்றபடியே படித்து முடித்த சார்

இன்று காட்டாங்குளத்தூர் காமிக்ஸ் விழாவில் எனக்கும் ஒரு மேசை கிடைத்தது. சிட்லபாக்கம் ஏரியைப் பற்றி இரண்டு வருடம் வரைந்து, நானே அச்சடித்த புத்தகத்தை அதில் அடுக்கியிருந்தேன்.

பஜ்ஜி சாப்பிட்டபடி ஒரு சார் வந்தார். ஒரு பிரதியை எடுத்து, மேசையை மறைத்து நின்றபடியே முழுதும் படித்தார். பின்னால் நின்றவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

"சூப்பர்மா! அடுத்த பார்ட் எப்போ?"

"இந்த பார்ட் வேணாமா சார்?"

"அதான் படிச்சிட்டேனேம்மா!"

பஜ்ஜி எண்ணெய் படிந்த பிரதியைத் திருப்பி வைத்தார். என்னோடு ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டு போனார்.

ரயிலில் வரும்போது போனைத் திறந்தால், அந்தப் படத்தைப் போட்டு என்னை டேக் செய்திருக்கிறார். மேலே, "உள்ளூர் கலைஞர்களை ஆதரிப்போம்!"

நானும் ஒரு லைக் போட்டு அவரை ஆதரித்துவிட்டேன். உங்களை இப்படி யாரெல்லாம் ஆதரித்திருக்கிறார்கள்?