செவ்வாய்க்கிழமை நோயாளிகள்

என் அறைத்தோழன் மேல் எனக்குப் பொறாமை. இத்தனை வயதுக்குப் பிறகு அதை ஒளிப்பானேன்?

சத்தியவேடு பக்கம் ஆந்திராவோடு சேர்ந்த புதிதில் நாங்கள் இருவரும் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர்கள். கணையம் திடீரென வீங்கி ஆளையே சாய்க்கும் நோய்க்கு, நரம்பில் ஏற்றும் உப்புத் தண்ணீரோடு மெக்னீசியமும் சேர்த்தால் பிழைப்பார்களா என்று பெரிய டாக்டர் சோதித்துக்கொண்டிருந்தார். யாருக்கு எது என்பதைக் கிழமை முடிவு செய்யும். திங்கள், புதன் வருபவர்களுக்கு மெக்னீசியம். அவர்கள் அவன் பொறுப்பு. செவ்வாய், சனி வருபவர்களுக்கு வெறும் உப்புத் தண்ணீர். அவர்கள் என் தலையில். மற்ற நாட்களில் வருபவர்கள் சோதனைக் கணக்கில் இல்லை.

அவன் நோயாளிகள் கஞ்சி குடித்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்கள். என்னுடையவர்களில் பாதிப் பேரைத் துணி மூடி அனுப்பினேன். பெரிய டாக்டர் அவன் தோளைத் தட்டித் தெலுங்கில் பாராட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். மருந்துக்குச் சேர வேண்டிய பெயரை இவன் அள்ளிக்கொண்டு போகிறானே! மெட்ராஸ் மாநாட்டில் பேசவும் அவனைத்தான் அனுப்பப் போகிறாராம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பாலசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியை லாரியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். நாடி கைக்கே அகப்படவில்லை. பாட்டிலை ஏற்றிவிட்டு, ஏன் இவ்வளவு தாமதம் என்று அவர் மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

"நாயித்துக்கெழமையே வலி சார். திங்கக்கெழமை பஸ்சு பூட்ச்சி. செவ்வாக்கெழமையில ஊட்ட உட்டு யாரு கெளம்புவாங்க? உசுரு நிக்காதுன்னு தெரிஞ்சப்பறம்தான் தூக்கிக்கினு வந்தோம்."

எனக்குச் சுரீரென்று உறைத்தது. செவ்வாயும் சனியும் சாகக் கிடப்பவர்கள் மட்டுமே கிளம்புகிறார்கள். தாங்கக்கூடியவர்கள் நல்ல நாள் பார்த்து அவனிடம் போய்ச் சேர்கிறார்கள். அப்புறம் பிழைக்க வைத்தது மெக்னீசியம்தான் என்று எப்படிச் சொல்வது? கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்று நினைத்துக்கொண்டேன். அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை.

ஓடினேன். பெரிய டாக்டர் அறையில் பதிவேட்டை விரித்து, கிழமை கிழமையாகக் காட்டினேன். அவர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். பிறகு சோதனையை நிறுத்தச் சொன்னார். அவனுடைய மெட்ராஸ் பயணமும் போயிற்று. அந்தச் சந்தோஷத்தில் அங்கேயே உட்கார்ந்து காபி குடித்தேன்.

வார்டுக்குத் திரும்பியபோது அந்த விவசாயியின் முகத்தை மூடியிருந்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நீங்க ஓடனதப் பாத்து, டாக்டரு மருந்து எட்த்தாரப் போறாருன்னு அவரு காதுல சொன்னேன் சார். சரின்னாரு."