மாமா தவறிட்டாராம்

என் தமிழில் பிழை இருக்கவில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியும் ஒருவரும் ஒப்புக்கொள்வதாக இல்லை. ஆகவே இங்கேயும் ஒருமுறை சொல்லிவைக்கிறேன். ஏழு வயதில் எனக்குத் தெரிந்த தமிழெல்லாம் அம்மா காலையில் என்னைத் துரத்தும்போது கொட்டுகிற தமிழ்தான். “கெதியா வா, பஸ்ஸைத் தவற விடப் போறாய்” என்று அவர் கத்தாத நாளில்லை. அப்படியென்றால் மிஸ் பண்ணுவது என்பது தவறுவதுதானே? இதில் என்ன குற்றம் கண்டார்களோ.

நாங்கள் அப்போது ஒனிஹங்கா என்ற ஊரில் இருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, குளிர்கால வேலைக்கென்று நாட்டின் தெற்குத் தீவில் ஒரு மலைப்பள்ளத்தாக்குக்குப் போயிருந்தார். பனியில் சறுக்கி விளையாட வருகிறவர்களுக்காக மலைமேல் ஒரு சாப்பாட்டுக் கடை. அதன் குசினியில் மாமாவுக்கு வேலை. விடியற்காலையில் ஒரு வான் வந்து வேலையாட்களை மேலே ஏற்றிப்போகும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பனிமலையில் சிப்ஸ் பொரிக்கிறவன் நான் ஒருத்தன்தான் என்று போனில் பெருமையடிப்பார்.

ஒரு சனிக்கிழமை காலை அந்த மலையை டிவியில் காட்டினார்கள். பனி சரிந்து கடையை மூடிவிட்டதாம்; உள்ளே இருந்தவர்களைத் தேடுகிறார்களாம். அம்மா மாமாவின் போனுக்கு அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டேயிருந்தார். பிறகு சாமிப்படத்துக்கு முன்னால் போய் இருந்துவிட்டார். தகனினி என்ற ஊரில் வேலைக்குப் போயிருந்த அப்பா பாதியில் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்.

வீட்டுப் போன் அடித்தது. நான் எடுத்தேன். மாமாவின் மேலாளர், ஒரு வெள்ளைக்காரப் பெண். இரைச்சலுக்கு நடுவே, உன் மாமா இன்றைக்கு வானை மிஸ் பண்ணிவிட்டார், அம்மாவிடம் சொல் என்றது மட்டும் கேட்டது. லைன் வெட்டுப்பட்டது. நான் ஓடிப்போய் நல்ல தமிழில் சொன்னேன்.

“அம்மா, மாமா தவறிட்டாராம்!”

தவறுவது என்றால் செத்துப்போவது என்றும் அர்த்தமுண்டு என்று எனக்கு யார் சொல்லித்தந்தார்கள்? அம்மா போட்ட கூக்குரலில் பக்கத்து வீட்டுத் தமிழ்நாட்டு ஆன்டி கையில் கரண்டியோடு ஓடிவந்தார். பஸ்ஸைத் தவறவிட்டால் அம்மா கத்துவார் என்று தெரியும். இப்படித் தலையில் அடித்துக்கொண்டு அழுவார் என்று தெரியாது. பயத்தில் நானும் சேர்ந்து அழுதேன். அப்பா வந்தார், சுவரோடு சாய்ந்தார். பக்கத்து ஊரான த்ரீ கிங்ஸிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று சோறும் கறியும் கொண்டுவந்தார்கள்.

மத்தியானம் போன் மறுபடி அடித்தது. அப்பா எடுத்தார்.

“மச்சான், அக்கா எங்க?”

மாமாவேதான்! கொஞ்ச நேரம் ஒரே அழுகை. பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அடி விழுமுன் ஆன்டிதான் காப்பாற்றினார். “விடுங்கம்மா, புள்ளைய வையாதீங்க. செத்துட்டான்னு சேதி வந்தா ஆயுசு கெட்டி!” செத்த வீட்டுச் சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தோம்.

குளிர்காலம் முடியுமுன்பே மாமா திரும்பி வந்துவிட்டார். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் நான் அதைச் சொல்லிக்காட்ட வேண்டும். மாமாவும் சிரிப்பார். ஆனால் விடியுமுன் எழும்பி, உடுப்புப் போட்டுக்கொண்டு, சப்பாத்தும் போட்டுக்கொண்டு குசினிக் கதிரையில் இருப்பார். போவதற்கு வேலை ஒன்றும் கிடையாது.

மற்றதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அம்மா சொன்னது. மாமாவின் அறையில் ஒரு மலேசியத் தமிழ்ப் பெடியனும் இருந்தார். அன்று அவருக்கு லீவு. அயர்ந்து தூங்கிய மாமாவை எழுப்ப மனமில்லாமல், அவருக்குப் பதிலாக வானில் ஏறிப்போனார். பனியைத் தோண்டி அவரது உடலை எடுத்தவர்களில் மாமாவும் ஒருவர். நடந்ததை அந்தப் பெடியனின் தாய்க்கு மாமாவே சொல்லியிருக்கிறார்.

எனக்கு அப்போது தெரிந்தது இவ்வளவுதான்: ஞாயிற்றுக்கிழமைகளில் மலேசியாவில் ஈப்போவிலிருந்து ஒரு அம்மா போன் எடுப்பார். “தம்பி சாப்ட்டானா, கண்ணு?” என்பார். வேறொன்றும் கேட்கமாட்டார். மாமாவோ, நான் இல்லையென்று சொல் என்று கையை ஆட்டுவார். சாப்பிட்டானா என்று கேட்கிற மனிசிக்குப் பயந்து ஒளிகிற மாமாவை நினைக்க எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு நாள் போட்டு உடைத்தேன்.

“மாமா இங்கதான் நிக்கிறார். கதைக்கமாட்டாராம்.”

அந்த அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“பரவால்ல, கண்ணு. அன்னிக்கு அவன் தூங்குனதுல தப்பே இல்லன்னு சொல்லு. நல்லாத் தூங்கச் சொல்லு.”

இந்த முறை நான் வெகு கவனமாக இருந்தேன். ஒவ்வொரு சொல்லாக யோசித்து, எங்கள் தமிழுக்கு மாற்றிச் சொன்னேன்.

“மாமா, நீங்கள் நித்திரை கொண்டதில பிழை இல்லையாம். இனி நல்லா நித்திரை கொள்ளட்டாம்.”

மாமா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். இப்ப என்னடி சொன்னாய் என்று ஓடிவந்த அம்மாவிடம், சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மாவும் அவருக்குப் பக்கத்தில் இருந்து அழத்தொடங்கினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நித்திரை கொள்ளச் சொன்னால் அழுவது சின்னப் பிள்ளைகள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.